பரிசாகப் போன பெண்

வில்லியம் மார்ஷல் என்று இங்கிலாந்துச் சரித்திரத்தில் ஒரு மாவீரன் உண்டு. இரண்டாம் ஹென்றி, ரிச்சர்டு, ஜான் என்று வரிசையாக அரசர்களுக்கு ஊழியம் செய்தவன். கடைசியில் சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே ஆண்டவன். அவனைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நடுவில் ஒரு செய்தி தவறாமல் வரும். அவன் செய்த சேவைக்குப் பரிசாக, 1189-ல், இஸபெல் டி கிளேர் என்ற பெண்ணை அரசன் அவனுக்குக் கொடுத்தான் என்று. கூடவே எழுதுகிறவர் ஒரு சந்தோஷப் பெருமூச்சும் விடுவார். ஒரு காணி நிலம் இல்லாதவன் ஒரே நாளில் ராஜ்யத்தின் பெரும் பிரபுக்களில் ஒருவனாகிவிட்டான் பாருங்கள் என்பார். வாசகரும் சேர்ந்து மகிழ்கிறார். கதாநாயகனுக்கு நல்ல காலம் பிறந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

எனக்குச் சண்டை அந்தப் 'பரிசு' என்ற சொல்லோடுதான். பரிசு என்றால் கொடுக்கிறவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டு மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோய் மூன்றாவது வீட்டில் கட்டிவிட்டு வருகிறவனைத் தருமப் பிரபு என்று யாரும் சொல்வதில்லை. அதையே அரசன் செய்தால், அதுவும் ஒரு பெண்ணையும் அவள் நிலத்தையும் வைத்துச் செய்தால், சரித்திரக்காரர்களும் எங்களைப் போன்ற கதைக்காரர்களும் பரிசு என்கிறோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சொல் செல்லுபடியாகி வந்திருக்கிறது.

அந்தப் பெண் யார் என்று முதலில் பார்த்துவிடலாம்.

இஸபெல்லின் தகப்பன் ரிச்சர்டு டி கிளேர். 'ஸ்ட்ராங்போ' என்ற பட்டப்பெயரால் பிரசித்தமானவன். நார்மானியப் பிரபு; வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டைக்கு உடையவன். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் நாட்டு மன்னன் டெர்மட் மக்மரோவின் மகள். நாட்டை இழந்து நின்ற டெர்மட் அதை மீட்பதற்குக் கடல் கடந்து படை தேடினான். ஸ்ட்ராங்போ படையோடு வந்தான். அதற்கு விலையாக மகளையும், தனக்குப் பின் லென்ஸ்டரையும் தருவதாக டெர்மட் சொல்லியிருந்தான். 1170 ஆகஸ்டில் வாட்டர்போர்டு நகரம் ரத்தத்தில் வீழ்ந்தது. உடனே அங்கேயே கல்யாணம். அந்தக் கல்யாணத்தை டேனியல் மக்லீஸ் என்ற ஓவியர் 1854-ல் பெரிய படமாக வரைந்தார். டப்ளினில் அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மணமக்கள் கை கோத்து நிற்க, சுற்றிலும் பிணங்களும் அழுகிறவர்களும் கிடக்கிற படம். இஸபெல்லின் பரம்பரைச் சொத்துக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்புப் பக்கம் கிடையாது.

1176-ல் ஸ்ட்ராங்போ இறந்தான். கில்பர்ட் என்ற பிள்ளை மைனராகவே 1185 வாக்கில் போய்விட்டான். மிஞ்சியவள் இஸபெல் ஒருத்தி. செப்ஸ்டோ, லென்ஸ்டர், பெம்புரோக் மீது தகப்பன் வழிப் பாத்தியதை, நார்மண்டியிலும் இங்கிலாந்திலும் சிதறிக் கிடந்த கிஃபார்டு குடும்ப நிலத்தில் ஒரு பங்குக்கு உரிமை, இத்தனையும் அந்தச் சிறுமியின் தலையில் வந்து இறங்கின.

இங்கேதான் அரசன் நுழைகிறான். நார்மானியர் வழக்கத்தில் பெரும் பிரபுக்களின் நிலமெல்லாம் படைச் சேவைக்காக அரசனிடம் பெற்றது என்பது கொள்கை. பிரபு மைனர் வாரிசை விட்டு இறந்தால் அரசனே காப்பாளன். வாரிசு வளரும்வரை வருமானம் அவனுக்கு. வாரிசு பெண்ணாக இருந்தால் அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதும் அவன் இஷ்டம். நம் நாட்டில் மைனர் ஜமீன்களை வெள்ளைக்காரன் காலத்தில் நிர்வகித்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற பெயர்கூட இந்தப் பழைய வழக்கத்தின் வம்சாவளியில் வந்ததுதான். காப்பாளன் என்பது நல்ல சொல். ஆனால் அந்தக் காப்பாளன் என்ன செய்தான் என்பதற்குக் கணக்குப் புத்தகமே இருக்கிறது. இரண்டாம் ஹென்றியின் அதிகாரிகள் 1185-ல் பன்னிரண்டு மாவட்டங்களில், அரசன் கையில் இருந்த விதவைகளையும் அநாதைப் பிள்ளைகளையும் ஒரு ஜாபிதா எடுத்தார்கள். இன்னாருக்கு வயது இத்தனை, பிள்ளைகள் இத்தனை, நிலத்தின் வருமானம் இவ்வளவு, மேற்கொண்டு ஆடு மாடு விட்டால் இவ்வளவுக்கு உயரும் என்று எழுதியிருக்கிறார்கள். பெண்ணின் வயதும் ஆட்டின் எண்ணிக்கையும் ஒரே பத்தியில் வருகின்றன. சந்தைக்குப் போகிறவன் எழுதும் குறிப்பு அது.

இஸபெல் லண்டனில், அரசனின் தலைமை நீதிபதி ரானுல்ஃப் டி கிளான்வில்லின் காவலில் இருந்தாள். 1189-ல் இரண்டாம் ஹென்றி அவளை மார்ஷலுக்குத் தருவதாக வாக்களித்தான்; கல்யாணம் நடப்பதற்குள் செத்தும் போனான். அடுத்து வந்த ரிச்சர்டு அந்த வாக்கை உறுதி செய்தான். மார்ஷலுக்கு அப்போது 42 வயதை ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு 17 இருக்கலாம்.

மார்ஷலின் கதையை அவன் மூத்த மகன் பிரெஞ்சுப் பாட்டாக எழுதி வைக்கச் செய்தான். 19,214 அடிகள் கொண்ட நீண்ட காவியம். பல நூற்றாண்டு மறைந்து கிடந்ததைப் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் இருபது வருஷம் தேடிக் கண்டுபிடித்து அச்சேற்றினார். மார்ஷலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததுதான். மணமகளை அழைத்துப் போக அவன் லண்டனுக்குப் புறப்பட்ட கட்டத்தைக் கவிஞர் உற்சாகமாகச் சொல்கிறார். டியெப் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது பலகை முறிந்து ஆட்கள் விழுந்தார்கள். மார்ஷல் ஓர் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். லண்டனில் அவன் தங்கியது ரிச்சர்டு ஃபிட்ஸ்ரெய்னர் என்ற பணக்காரக் குடிமகனின் வீட்டில். கல்யாணச் செலவும் அவருடையதே. எல்லாம் சொல்கிறார். உத்தரத்தில் தொங்கியவனுக்குக் கிடைத்த கவனம் லண்டனில் காத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவள் நல்லவள், அழகி, குணவதி. முடிந்தது.

கவிஞரை நான் குறை சொல்லவில்லை. கூலி கொடுத்த பிள்ளை தகப்பனார் புகழைத்தான் கேட்டான். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? மார்ஷல் வரலாறு எழுதுகிற ஒவ்வொருவரும் ஆரம்பிக்கும் இடம் ஒன்று உண்டு. 1152-ல் சிறுவன் மார்ஷலை ஸ்டீபன் அரசன் பிணையாகப் பிடித்து வைத்திருந்தான். வாக்குத் தவறிய தகப்பனிடம் மகனைத் தூக்கிலிடுவேன் என்று சொல்லி அனுப்பினான். இன்னும் நல்ல பிள்ளைகளை உருவாக்கச் சம்மட்டியும் பட்டடையும் தன்னிடம் இருக்கின்றன என்ற பொருளில் அந்தத் தகப்பன் பதில் சொன்னானாம். படிக்கிறவர் நெஞ்சு பதறுகிறது, பதற வேண்டியதுதான். சில மாதங்கள் அரசன் கையில் சிக்கியிருந்த பையனுக்காக இவ்வளவு பதறுகிறவர்கள், வருஷக்கணக்கில் அரசன் கையில் இருந்த பெண்ணைப் பற்றி ஒரு வரி பதறியதுண்டா? பையன் இருந்தால் பிணை. பெண் இருந்தால் பாதுகாப்பு. அகராதியே இரண்டாக இருக்கிறது.

இந்த இடத்தில் என் நண்பர்கள் குறுக்கிடுவார்கள் என்று தெரியும். "அது அந்தக் காலத்து வழக்கம் ஐயா! இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் நூற்றாண்டைப் பார்ப்பது நியாயமா?" என்பார்கள். இது நாகரிகமான ஆட்சேபணை. பல பேருடைய வாயை அடைத்த ஆட்சேபணை. சரி, இன்றைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறேன். அந்தக் காலத்து மனிதர்களே என்ன நினைத்தார்கள் என்று பார்க்கலாம்.

ஹாவிஸ் என்று ஒரு சீமாட்டி. ஓமால் பிரதேசத்தின் வாரிசு. முதல் கணவன் இறந்ததும் ரிச்சர்டு அரசன் அவளை வில்லியம் டி ஃபோர்ஸ் என்பவனை மணக்கச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள். அவளுடைய சாமான்களை ஜப்தி செய்தார்கள். பிறகுதான் மணந்தாள். அவனும் இறக்க, அரசன் இன்னொருவனைக் காட்டினான், அவனையும் மணந்தாள். மூன்றாவது கணவனும் இறந்த பிறகு, 1212-ல், ஜான் அரசனுக்கு 5,000 மார்க் கொடுப்பதாக ஒப்புக்கொண்டாள். தன் சொத்து தன் கையில் இருக்க வேண்டும், இனி யாரையும் கட்டாயமாக மணக்கச் சொல்லக் கூடாது என்பதற்கான விலை அது. ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் காலத்துப் பெண் அந்தக் காலத்து வழக்கத்தை எப்படி மதித்தாள் என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி. இதே ஜான், தான் விலக்கிவிட்ட முதல் மனைவியான குளோஸ்டர் சீமாட்டியை 1214-ல் ஜெஃப்ரி டி மாண்டவில் என்பவனுக்கு 20,000 மார்க் விலை வைத்துக் கட்டிவைத்தான்.

அடுத்த ஆண்டே பிரபுக்கள் ஜானை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைக்கச் செய்தார்கள். அதில் ஒரு ஷரத்து, கணவன் இல்லாமல் வாழ விரும்பும் விதவையை மறுமணம் செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. (அவளாக விரும்பி மணப்பதானால் அரசன் சம்மதம் வேண்டும் என்று வாலையும் ஒட்டியிருக்கிறார்கள்.) எல்லோருக்கும் சம்மதமான வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் எதற்கு? அந்தச் சாசனத்தின் முகப்பில், அரசனுக்கு ஆலோசனை சொன்னவர்களின் பட்டியலில் வில்லியம் மார்ஷலின் பெயர் இருக்கிறது. 1216-லும் 1217-லும் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது, சிறுவன் ஹென்றிக்கு முத்திரை இல்லாததால் மார்ஷலே தன் முத்திரையை வைத்தான். பரிசு வாங்கியவனே பரிசுக் கடைக்குப் பாதிப் பூட்டுப் போட்டான். அவனுக்குப் புரிந்தது நமக்கு ஏன் புரியவில்லை?

மார்ஷலுக்கு இன்னும் ஆழமாகவே புரிந்திருந்தது. 1207-ல் ஜான் அவனை அயர்லாந்திலிருந்து அழைத்தான். போனால் லென்ஸ்டரைப் பறிக்க ஆள் தயாராக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மூத்த மகன் ஏற்கனவே அரசனிடம் பிணை. இரண்டாவது மகனையும் அந்த ஆண்டு அரசன் கேட்டு வாங்கிக்கொண்டான். புறப்படுமுன் மார்ஷல் கில்கென்னியில் தன் பிரபுக்களைக் கூட்டி, கர்ப்பவதியாக இருந்த இஸபெல்லைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினான். அவன் பேசியதன் சாரத்தை அந்தக் காவியமே சொல்கிறது: இவள் பிறப்பால் உங்கள் தலைவி, உங்களுக்கு நிலம் கொடுத்தவரின் மகள், இங்கே எனக்கு இருப்பதெல்லாம் இவளால் வந்தது.

இதைப் படித்த பிறகும் ஒருவர் 'பரிசு' என்று எழுதுவாரானால், அவர் மார்ஷலையே பொய்யன் ஆக்குகிறார். 1189-ல் மணம் முடித்தவனுக்குப் பெம்புரோக் பிரபு என்ற பட்டம் 1199 வரை முறையாக வரவில்லை. அதுவும் மனைவியின் குடும்பத்துப் பட்டம்தான். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் டூபி 1984-ல் மார்ஷலைப் பற்றி எழுதிய அழகான புத்தகத்தில் அந்த உலகம் ஆண்களின் உலகம், பெண்கள் அதில் பொருட்டாகவே இல்லை என்று வாதிக்கிறார். பெரிய அறிஞர், ஆனாலும் கில்கென்னி மண்டபத்தில் மார்ஷல் பேசியது எனக்கு அவர் வாதத்தைவிடப் பெரிய சாட்சி. எதிரே உட்கார்ந்திருந்த வீரர்களுக்கு யார் பொருட்டு, யாருடைய மண்ணில் தாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நன்றாகத் தெரியும்.

மார்ஷல் போனதும் சண்டை மூண்டது. மெய்லர் என்ற அரசப் பிரதிநிதியின் ஆட்கள் லென்ஸ்டரில் புகுந்து கொளுத்தினார்கள். இங்கிலாந்தில் ஜான், மார்ஷலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உன் முக்கியமான வீரர்கள் மாண்டுவிட்டார்கள் என்று சிரித்த முகத்தோடு ஒரு கதை சொன்னான். அத்தனையும் பொய். உண்மைச் செய்தி பின்னால் வந்தது: தோற்றவன் மெய்லர். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் தன் தகப்பன் நாட்டில் தன் ஆட்களோடு உறுதியாக உட்கார்ந்திருந்தாள். அரசனின் சூழ்ச்சி அங்கே பலிக்கவில்லை.

இனி என் சகாக்களுக்கு ஒரு வார்த்தை. இஸபெல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டது ஒரு தவறு என்றால், அவளுக்குக் கதைக்காரர்கள் செய்யும் உபகாரங்கள் வேறு இரண்டு தவறுகள். ஒருவர் அவளைக் காதலியாக்குகிறார். மார்ஷலைக் கண்ட மாத்திரத்தில் அவள் கன்னம் சிவந்தது என்று எழுதுகிறார். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், பத்துப் பிள்ளைகள் பெற்றார்கள், ஒருவரை ஒருவர் மதித்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அது இல்லற தர்மம், பெரிய விஷயம். ஆனால் மறுக்க வழியில்லாத இடத்தில் சொன்ன சம்மதத்தைக் காதல் என்று எழுதினால், கிளான்வில்லின் காவலுக்கு நாமும் ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்ததாக ஆகும். பின்னால் கனிந்த அன்பு முன்னால் நடந்த பேரத்துக்கு ரசீது அல்ல.

இன்னொருவர் அவள் கையில் வாளைக் கொடுத்துக் குதிரை மேல் ஏற்றுகிறார். அதற்கும் அவசியமில்லை. அவளுடைய பலம் வாளில் இல்லை, பிறப்புரிமையில் இருந்தது. அதை விளங்க எழுதுவது சிரமம். வாள் வீசச் செய்வது சுலபம். சுலபமானதைச் செய்துவிட்டுப் பெண்ணுக்கு மரியாதை செய்துவிட்டதாக மார்தட்டிக்கொள்கிறோம்.

அவளைத் தேவதை ஆக்கவும் நான் வரவில்லை. லென்ஸ்டர் அவளுக்கு வந்த வழியைத்தான் பார்த்தோமே. அயர்லாந்தின் பழைய சட்டப்படி அரசுரிமை மகள் வழியாகப் போகாது. அரச குலத்து ஆண்களிலிருந்துதான் அடுத்த மன்னன் வர வேண்டும். டெர்மட் தன்னுடையது அல்லாததைத் தாரை வார்த்தான். நார்மானியன் ஈட்டி முனையில் அதைச் செல்லுபடியாக்கினான். இஸபெல்லின் பாத்தியதைக்கு அடியில் வேறு மனிதர்களின் மண் இருக்கிறது. நல்ல நாவலாசிரியன் இதையும் மறைக்க மாட்டான். நில உடைமைக்காரி என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த உடைமையின் குற்றத்தையும் அவள் கணக்கில் எழுத முடியும். பரிசுப் பொருளுக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை.

1219 மே 14-ந் தேதி மார்ஷல் கேவர்ஷத்தில் இறந்தான். சாகுமுன் டெம்ப்ளர் என்ற துறவி வீரர்களின் சங்கத்தில் சேர்ந்தான். சேர்ந்தபின் பெண்ணைத் தீண்டலாகாது என்பதால் மனைவியிடம் கடைசி முத்தம் கேட்டுப் பெற்றுக்கொண்டான். காவியத்தில் மனத்தை உருக்கும் இடம் அது. எல்லோரும் அந்த முத்தத்தை எழுதுகிறார்கள். அடுத்து நடந்ததை எழுதுகிறவர்கள் குறைவு. அவள் வழி வந்த செப்ஸ்டோவும் லென்ஸ்டரும் உடனே மூத்த மகன் கைக்குப் போகவில்லை. அவள் சொத்து, அவளிடமே திரும்பியது. 1220-ல் அவள் கண் மூடிய பிறகே மகனுக்குப் போயிற்று. முப்பது வருஷத்துப் 'பரிசு'க்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? அவன் லண்டனில் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம். அங்கே இன்றும் கல் உருவம் காட்டுகிறார்கள். அவள் வேல்ஸில் டின்டர்ன் மடத்தில் அடக்கம்.

கடைசியாக ஒன்று. மார்ஷலின் ஐந்து பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகப் பிரபுக்களானார்கள். ஐவருக்கும் முறையான சந்ததி இல்லை. 1231, 1234, 1241, 1245-ல் இரண்டு பேர் என்று வரிசையாகப் போனார்கள். ஃபெர்ன்ஸ் ஊர் மேற்றிராணியாரின் இரண்டு கிராமங்களை மார்ஷல் பிடுங்கிக்கொண்டதால் அவர் சாபம் பலித்தது என்று மாத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதி வைத்தார். வம்சம் அற்றுப்போயிற்று என்று இன்றும் எழுதுகிறார்கள்.

எந்த வம்சம் அற்றது? இஸபெல்லுக்கு ஐந்து பெண்கள் இருந்தார்கள். 1247-ல் லென்ஸ்டர் ஐந்தாகப் பிரிந்தது: கார்லோ, கில்கென்னி, கில்டேர், வெக்ஸ்போர்டு, டனமேஸ். மூத்தவள் மாட் கையில், தகப்பன் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த மார்ஷல் பதவியின் கோலையே 1246-ல் அரசன் ஒப்படைத்தான். இன்னொரு மகளின் பேரன் வழியில் வந்தவன்தான் 1306-ல் ஸ்காட்லாந்துக்கு முடி சூடிய ராபர்ட் புரூஸ். இங்கிலாந்தின் பெரும் பிரபுக் குடும்பங்களில் பாதிக்கு இஸபெல் பாட்டி. அற்றுப்போனது ஓர் ஆணின் பெயர். அதைக் குலம் அற்றது என்று எழுதி, இருந்த ஐந்து பெண்களையும் இல்லாதவர்களாக்கிவிட்டார்கள். இந்தப் பேச்சு நம் வீட்டுக் கூடங்களிலும் கேட்டுப் பழகியதுதான் என்பதால், வாசகர்கள் அதைச் சரித்திரப் புத்தகத்தில் கண்டால் திடுக்கிடுவதில்லை.

திடுக்கிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சரித்திர நாவல் படிக்கிறவர்கள் கதாநாயகன் கை நிறைய ராஜ்யத்தோடு அந்தப்புரத்துக்குள் நுழைகிற கட்டம் வந்ததும் கொஞ்சம் நின்று, இந்த நிலத்துக்கு நேற்றுவரை உடையவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். எழுதுகிறவனுக்கு அந்தக் கேள்வி சங்கடமாக இருக்கும். இருக்கட்டும், அவன் பத்திரங்களைத் தேடிப் படித்துவிட்டு வந்து எழுதட்டும். கில்கென்னி மண்டபத்தில் ஒரு கிழப் போர்வீரன், எழுத்து வாசனை அதிகம் இல்லாதவன், அத்தனை பேர் முன்னால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சொல்ல, படித்த நமக்கு இவ்வளவு தயக்கம் ஏன்?